காந்தக் கோட்டையும் கொல்லன் உலையும்

மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்தை நோக்கி வருவோர், திருக்கேதீச்சரத்தை அடையுமுன் ஒரு பெரிய மேட்டு நிலத்தைக் காண்பர். குதிரை லாட வடிவிலே இரண்டு அகழிகள் அதனைச் சூழ்ந்திருந்த அடையாளம் இன்றும் உண்டு. இதுவே மாந்தை. தேவார மூவருள் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம் இதுதான். பாளி நூல்கள் மகாதித்த என்று குறிப்பதும் இத்துறையையே.

இந்த மாந்தையைப் பற்றிக் கன்னபரம்பரையாக ஒரு கதை வழங்குகின்றது. கம்மாளர் எனப்படும் ஐந்தொழிலாளர் ஒருகாலத்தில் ஒரே நகரில் ஒன்றாக வாழ்ந்தனராம். அவர்கள் எவ்வரசனுக்கும் பணிந்தாரல்லர். தங்கள் நகருக்குக் காந்தக் கல்லாலே மதில் எடுத்துக்கொண்டனர். பகைவர் எறிந்த வேலும் வாளும் அம்மதிலில் ஒட்டிக்கொண்டன. இரும்பாணி தைத்த மரக்கலங்களையும் அக்கோட்டை தன்பால் இழுத்துக்கொண்டது என்று கூறுவாரும் உளர். கடைசியில் அதன் மருமத்தைப் பகைவர் அறிந்தனர். வரகு வைக்கோலைக் கோட்டையைச் சுற்றிக் குவித்துத் தீ மூட்டினர். தீயிலே காந்தத்தின் வலி கெட்டது, கோட்டை வீழ்ந்தது. தமிழ்நாட்டுக் கம்மாளரிடையே வழங்கிய இக்கதையின் ஒரு வடிவத்தை எட்கார் தேர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலே பதிந்து வைத்தார். அக்கதையில் வரும் நகர் நமது மாந்தையே என்பது ஈழத்தவர் பலரின் கொள்கை.

கட்டுக்கதை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் இது நம் நாட்டுக்குள் மட்டும் உலாவிய கதையன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்து பூகோள நூல் எழுதிய தொலமி, கீழைக் கடலில் மணியோலை என்னும் தீவுகள் உள்ளன என்றும், இரும்பாணி கொண்ட கலங்களை அங்குள்ள காந்தக் கல் பிடித்து நிறுத்திவிடும் என்றும் எழுதினார். அவருக்குப் பின் வந்த சிலர் அத்தீவுகளை இலங்கையின் அருகே வைத்துப் பேசினர். இந்துமாகடலிலே பல கலங்கள் ஆணியின்றிக் கயிற்றாலே தைக்கப்பட்டிருந்ததற்கு இக்காந்தமே காரணம் என்ற பேச்சும் மேற்கே பரவிற்று.

6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரொக்கோப்பியசு என்னும் வரலாற்றாசிரியர் இப்பேச்சை மறுத்தார். செங்கடலிலே ஓடும் உரோமர் கலங்களில் இரும்பு நிறைய இருந்தும் ஒன்றும் நேரவில்லையே என்பது அவர் வாதம். அதுவரை நன்று. ஆனால், கயிற்றாற் கலம் தைப்பதற்கு அவர் கண்ட காரணம் யாது? இந்தியரிடம் இரும்பு இல்லை, கலங்கட்டுதற்கு வேண்டிய பிற பொருள்களும் இல்லை என்பதே. காந்தக் கதையை அறிவுகொண்டு மறுத்தவர், அதனினும் பெரிய பொய்க்கதை ஒன்றைத் தம்மை அறியாமலே எழுதி வைத்துவிட்டார்.

இதற்கு மறுமொழி கூற வேண்டியவர் யார்? கொல்லர் கல்வெட்டு எழுதி வைக்கவில்லை. கோயிலுக்குப் பொன் கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கும். கோயிற் கல்லைச் செதுக்கிய உளிக்குக் கூர் அடித்தவன் பெயர் நில்லாது. எனவே மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

மண் மறுமொழி கூறாமற் போகவில்லை. மன்னாருக்குத் தெற்கே, கரையோரத்துப் பொம்பரிப்பில் அகழப்பட்ட தாழிக் காட்டில், இறந்தோர் எலும்புடன் இரும்புப் பொருள்களும் கிடைத்தன. மாந்தை மேட்டிலே 1920களில் ஹோகார்ட்டும், 1950ஐ அடுத்துச் சண்முகநாதனும் அகழ்ந்தனர். 1980இல் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தொடங்கிய பேரகழ்வு 1984இல் நாட்டு நிலைமை காரணமாக நின்றுபோயிற்று. அதன் முழு அறிக்கை 2013இலேதான் நூலாக வெளிவந்தது. சீனத்து மட்கலம், மேற்காசியப் பாண்டம், மணி என்று மாந்தையிற் கிடைத்தவற்றைப் பலரும் வியந்து பேசுவர். 2009ஐ அடுத்து நடந்த ஆய்விலே, தூரக் கிழக்குத் தீவுகளிலிருந்து வந்த ஒரு கிராம்பு கூட அகப்பட்டது. இவற்றோடு இரும்புக் கிட்டமும் கிடைத்தது. கிட்டத்தை வியப்பவர் சிலரே.

இலங்கையின் உள்நாட்டிலோ சான்று இன்னும் வலிது. பலாங்கொடைக்கு அணித்தான சமனலவெவப் பகுதியில் ஆய்வு நடத்திய ஜில் ஜூலெப் என்னும் அம்மையார், மலைச்சரிவுகளில் மேற்கு முகமாக அமைந்த இரும்புலைகளைக் கண்டார். அவற்றுக்குத் துருத்தி இல்லை. ஆண்டுதோறும் மலையை மோதும் சோளகக் காற்றே அவ்வுலைகளை ஊதிற்று. 1994இல் அதே வடிவில் உலை கட்டி, அதே காற்றில் எரித்து, உயர்ந்த உருக்கும் வருமெனக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழ் அதனை உலகறியச் செய்தது. அவ்வுலைகளின் காலம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. 9ஆம் நூற்றாண்டிலே பக்தாதில் இருந்து வாள்களைப் பற்றி நூல் செய்த அல்கிந்தி, சரந்தீபு என்ற பெயரால் நம் நாட்டையும் அதிலே குறித்தமை இங்கே நினைக்கத் தக்கது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சமனலவெவையில் இருந்தது கல்லிலிருந்து இரும்பைப் பிரிக்கும் உருக்குலை. ஊர்தோறும் கம்மாலையில் இருந்தது, பிரித்த இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கொல்லனுலை. முன்னையது மலைச்சரிவிலே பெரிதாக நின்று தடயம் விடும். பின்னையது தரையிலே ஒரு சிறு குழி. கடற்றுறையில் நங்கூரம் செய்ததும், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயலுக்குக் கொழு அடித்ததும், பனையேறிக்குப் பாளைக் கத்தி தீட்டியதும் இச்சிறு குழியே. வரலாற்றாசிரியர் எளிதிலே தவறவிடுவதும் இதனையே. இதனை அறிய ஒரு நல்ல வழி, ஓருலையைத் தாமே அமைத்துப் பார்ப்பது. இன்று பல நாடுகளிலே பொழுதுபோக்காகக் கொல்லுத்தொழில் பயில்வோர் தம் வீட்டு முற்றத்திலே இதனைச் செய்கின்றனர். நாமும் செய்யலாம்.

ஒரு பழைய மரப்பெட்டி போதும். இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், ஓரடி ஆழம் இருந்தால் நன்று. மரம் எரியாதோ என்று அஞ்ச வேண்டா. மண் அதனைக் காக்கும். மன்னார்த் தீவின் மணல் இதற்கு உதவாது. பெருநிலத்துக் குளக்கரைக் களியும், கறையான் புற்றுமண்ணும் ஏற்றவை. அவற்றோடு கொஞ்சம் மணலும் உமியும் கலந்து, கையாற் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நீர் விட்டுப் பிசைந்து, பெட்டியில் இட்டு நன்றாக இடிக்க வேண்டும். நடுவிலே ஒரு சாண் அகலமும் நான்கைந்து அங்குல ஆழமும் உள்ள கிண்ணம் போன்ற குழி. பக்கத்திலிருந்து ஓரங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய் ஒன்று மண்ணினூடே வந்து குழிக்குள் வாய் திறக்க வேண்டும். அவ்வாய், குழியின் அடியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் இருத்தல் வேண்டும். அடியோடு அடியாக வைத்தால் உருகிய கிட்டம் வழிந்து அதனை அடைத்துவிடும். பண்டைக் கொல்லர் இவ்விடத்திலே சுட்ட மண்குழாய் வைத்தனர். சில நாள் நிழலிற் காயவிட்டு, முதல் முறை சிறு தீயே மூட்ட வேண்டும். ஈரம் உள்ளபோது பெருந்தீ மூட்டினால் மண் வெடிக்கும்.

அடுத்தது காற்று. உலைக்கு உயிர் காற்றே. 1821இல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றி நூல் வெளியிட்ட ஜோன் டேவி, இங்குள்ள இரும்பு உருக்குவோரின் துருத்தியை விவரித்துள்ளார். தரையில் இரு வட்டக் கூடுகள். அவற்றின் மேலே நனைத்த மாட்டுத்தோல். தோலின் நடுவே ஒரு துளை. குதிகாலால் துளையை மூடி மிதித்தால் காற்று குழாய் வழியே உலைக்குச் செல்லும். காலை எடுத்தால் வளைந்த கழியொன்று கயிற்றால் தோலை மேலே இழுக்கும். இடக்காலும் வலக்காலும் மாறி மாறி மிதிக்கக் காற்று இடையறாது வரும். இந்நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து 1908இல் பெருநூல் எழுதிய ஆனந்தக் குமாரசுவாமி அவர்களும், அழிந்துகொண்டிருந்த இத்தொழிலை நேரிற் கண்டு எழுதி வைத்தார்.

இம்மிதி துருத்தி எவ்வளவு பழமையானது? குறுந்தொகையின் 172ஆம் பாட்டைப் பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். பிரிந்த தலைவனை எண்ணி எல்லை காணாது வருந்தும் தன் நெஞ்சுக்குத் தலைவி ஓர் உவமை சொல்கிறாள். ஏழூருக்குப் பொதுவாக ஓரூரில் அமைந்த உலையின் துருத்தியே அவ்வுவமை. மிதிதோல் என்றே அங்கு அதற்குப் பெயர். ஏழூருக்கு ஓருலையென்றால் அக்கொல்லன் ஓய்ந்திருக்க முடியுமா? மிதிப்பவன் காலும் ஓயவில்லை. அவள் நெஞ்சும் ஓயவில்லை. பழந்தமிழ்நாட்டிலே கொல்லனுலை எவ்வளவு வேலை மிகுந்த இடம் என்பதற்கு இவ்வுவமையே சான்று.

இன்று நமக்குத் தோலும் வேண்டா, காலும் வேண்டா. கையாற் சுழற்றும் சிறு ஊதுபொறியோ, தலைமயிர் உலர்த்தும் மின்கருவியோ போதும். ஆனால் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி இருக்க வேண்டும். கற்போர் செய்யும் முதற்பிழை காற்றை மிகுத்து விடுவதே. சோளகக் காற்று இலவசமாக வீசும் மன்னாரிலே, 2020 டிசம்பர் முதல் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பது அதனை மின்னாக்குகின்றன. அதே காற்றைச் சமனலவெவைக் கொல்லர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏவல் கொண்டனர்.

இனிக் கரி. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. புகைக்கப்பலும் புகைவண்டியும் வந்த பின்னரே அஃது இங்கே கடல்கடந்து வந்தது. தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதை 1914இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மாந்தைக் கொல்லன் நம்பியது மரக்கரியையே. நான்கைந்து பங்கு உலர்ந்த விறகைச் சுட்டால் ஒரு பங்கு கரி கிடைக்கும். ஆகவே ஒரு கம்மாலையின் பின்னே ஒரு காடு நின்றது என்பதை மறத்தலாகாது. இன்று சிரட்டைக்கரி இதற்கு மிக நல்லது. கந்தகம் இல்லை, புகை குறைவு, சூடு மிகுதி. நிலக்கரி கிடைக்குமாயின், அதைத் தீயின் ஓரங்களில் நீர் தெளித்து அடுக்கி, புகையெல்லாம் போய்க் கற்கரி ஆனபின் மெல்ல நடுவே தள்ள வேண்டும். பச்சை நிலக்கரியில் உள்ள கந்தகம் இரும்பைக் கெடுக்கும்.

இரும்பை எங்கே வைப்பது? குழாயின் வாய்க்கு நேரே வைப்பவன் இரும்பை இழப்பான். அங்கே எரியாத ஒட்சிசன் மிகுதி. இரும்பு செதில் செதிலாக வெந்து போகும். குழாய்க்கு மேலே நான்கு விரற்கடை கரி விட்டு, அதன் மேல் இரும்பைக் கிடத்தி, அதற்கும் மேலே கரி மூட வேண்டும். காற்றிலுள்ள ஒட்சிசனைக் கரி உண்டுவிட்ட இடம் அது. உலை திறந்த வெளியிலோ, பக்கங்கள் திறந்த கொட்டிலிலோ இருத்தல் வேண்டும். மூடிய அறையிலே கரி எரித்தால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு, மணமின்றி நிறமின்றி உயிரைக் குடிக்கும். நாகம் பூசிய குழாயையும் தகட்டையும் உலையில் இடுதல் ஆகாது. அதன் வெண்புகை காய்ச்சல் தரும். கண்ணுக்கும் காலுக்கும் காப்பு வேண்டும்.

பழைய லொறியின் வில்லுத் தகட்டுத் துண்டு ஒன்றை எடுங்கள். அது நல்ல உருக்கு. காயக் காய முதலில் கருஞ்சிவப்பு, பின் செம்மை, பின் செம்மஞ்சள். அந்நிலையில் எடுத்து அடைகல்லில் வைத்து அடித்தால் மெழுகுபோல் இசைந்து கொடுக்கும். கருமை படர்ந்த பின்னும் அடித்தால் வெடிக்கும். கத்தியாக உருவான பின் அதைக் கடினமாக்க வேண்டும். அதற்கு எவ்வளவு சூடு? கொல்லன் கண் சொல்லும். கண் பழகாதவருக்கு ஒரு காந்தம் சொல்லும்.

காயும் இரும்பிலே காந்தத்தை அணைத்துப் பாருங்கள். ஒட்டும். இன்னும் காய்ச்சுங்கள். சதமபாகை 770ஐ அணுகுகையில், செந்தழலாய் நிற்கும் இரும்பைக் காந்தம் திடீரென்று அறியாதது போலிருக்கும், பற்றே இல்லை. அதற்குச் சற்றே மேலே காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் உருக்கு கடினமாகும். பின்னர் மெல்லச் சூடு காட்டி அதன் நொறுங்குதன்மையைத் தணிப்பர். சூட்டினால் காந்த இயல்பு அழியும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் கியூரி 1895இல் ஆராய்ந்து விளக்கினார். காந்தக் கல்லுக்கு அவ்வெல்லை இன்னும் குறைவு. ஏறத்தாழ 580 பாகை. அவ்வளவு காய்ந்து ஆறிய கல்லைப் பிறிதொரு காந்தம் இழுக்கும். ஆனால் அக்கல் தானே இழுக்கும் வலியைப் பெரிதும் இழந்திருக்கும்.

நேயர்களே, இப்பொழுது வரகு வைக்கோல் நினைவுக்கு வருகின்றதல்லவா? வைக்கோல் நெருப்பு அவ்வெல்லையைத் தாண்டவல்லது. ஒரு மதிலின் உட்புறம் வரை சூடேறுமோ என்பது வேறு வினா. காந்தக் கோட்டை உண்மையில் இருந்தது என்று யானும் கூறவரவில்லை. ஆயினும், தீயிலே காந்தம் வலி இழக்கும் என்பது வெறுங் கற்பனையிலே தோன்றாது. நாள்தோறும் இரும்பையும் தீயையும் கையாண்டவர் அறிந்த ஒன்று அக்கதைக்குள் ஒளிந்து கிடக்கின்றது எனக் கொள்வது பொருந்தும். கோட்டையைப் படைத்தவர்களே அதன் அழிவையும் படைத்தார்கள். இரண்டையும் தம் உலையருகே கற்றார்கள்.

உலை வேலை முடிந்தது. இனி அடைகல்லைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் இரும்பின் மேற்றோல் மெல்லிய செதிலாக உதிர்ந்திருக்கும். சாம்பல் நிறம், நகத்திலும் மெல்லியது, சில, கடுகினும் சிறிய உருண்டைகள். தரையிலே காந்தத்தை ஓட்டினால் இவை கொத்தாக ஒட்டும். உலைக்குழியின் அடியைத் தோண்டினால், சாம்பலும் மண்ணும் இரும்புத் துகளும் உருகிச் சேர்ந்து, அடி வளைந்து மேல் தட்டையாக, ஒரு சிறு அப்பம் போன்ற கிட்டம் கிடைக்கும். ஒரு நாள் வேலைக்கே இவ்வளவு தடயம்.

பெட்டி உளுத்துப்போம். குழி தூர்ந்துபோம். துருத்தியின் தோலைக் கறையான் தின்னும். அடைகல்லை அடுத்த தலைமுறை எடுத்துச் செல்லும். ஆனால் செதிலும் கிட்டமும் மண்ணிலே நூற்றாண்டுகள் கிடக்கும். இக்காலத் தொல்லியலாளர், அகழ்ந்த நிலத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து மண்ணிலும் காந்தத்தை ஓட்டிச் செதிலை நிறுத்துப் பார்க்கின்றனர். எங்கே நிறை மிகுதியோ அங்கே அடைகல் இருந்தது. அதன் அருகே ஒருவன் நின்று சம்மட்டி ஓங்கினான். அவன் பெயர் தெரியாது. அவன் நின்ற இடம் தெரியும். கடலோடிய கலங்களை இழுத்ததாகச் சொல்லப்பட்ட காந்தம், மறக்கப்பட்ட கொல்லனை மண்ணிலிருந்து இழுத்துத் தருகின்றது.

புரொக்கோப்பியசுக்கு மறுமொழி இம்மண்ணிலே எழுதப்பட்டிருக்கின்றது. அதைப் படிக்கும் எழுத்துக் கிட்டமும் செதிலுமே. நாமோ, மாந்தை மண்ணில் ஒரு மணியோ பொற்காசோ கண்டால் பெட்டியில் பூட்டுகின்றோம்; கருங்கிட்டத்தைக் கண்டால் காலால் தள்ளுகின்றோம், பள்ளம் நிரப்புகின்றோம். மணி கடல்வழியே வந்து போயிருக்கலாம். கிட்டமோ இங்கேயே வேலை நடந்ததற்குச் சான்று; ஒருவன் உழைத்த இடத்தை விட்டு அஃது எளிதில் அகலாது. அதனை இடம் பெயர்ப்பவன் ஒரு கல்வெட்டைச் சிதைப்பவனுக்கு ஒப்பாவான். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் இத்தகைய பழந்தடயங்களைக் காப்பதற்கென்றே எழுந்தது. ஆனால் கண்டறியப்படாததைச் சட்டம் காவாது. கண்டறிவதற்குப் பழகிய கண் வேண்டும்.

அதனால்தான் உலை கட்டிப் பாருங்கள் என்று சொல்லத் துணிந்தேன். பள்ளிக்கூடத்து முற்றத்திலே, ஆசிரியர் மேற்பார்வையில், ஒரு பெட்டி மண்ணும் ஒரு குழாயும் ஒரு கூடைச் சிரட்டைக்கரியும் கொண்டு ஒருநாள் வேலை செய்த பிள்ளை, அன்று மாலை தரையிலே ஒட்டிய செதிலைக் கண்டபின், மாந்தை மேட்டிலே நடக்கும்பொழுது காலடியைப் பார்த்தே நடக்கும். கிட்டம் தட்டுப்பட்டால் எடுக்காது. இடத்தைக் குறித்துக்கொண்டு உரியவரிடம் சென்று சொல்லும். கொல்லன் தன் பெயரை எழுதி வைக்காத குறை, அன்றைக்கு ஒரு சிறிதாவது தீரும்.